"ஒரு கையெழுத்துதானே சார்"

நல்ல வேலையில் இருக்கும் படித்த ஒருவர் கடத்தல் கும்பலிடம் மாட்டிக்கொண்டு, பயமும் சிரிப்புமாகத் தப்பிக்கும் படங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அங்கே குற்றம் துப்பாக்கியோடு வருகிறது. ஆடிட்டர் ஆபீசுக்கு அது பழைய கிளையன்ட்டின் சிபாரிசோடு, "நம்ம பையன்தான் சார், கொஞ்சம் பண்ணிக் குடுங்க" என்று வரும். ஃபீஸ்கூட பெரிதாக இருக்காது.

சென்னையில் நடந்த வழக்கையே பாருங்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப 15சிபி சான்றிதழ், அதாவது அந்தப் பணத்துக்கு இங்கே வரி உண்டா என்று ஆடிட்டர் சொல்லும் சான்றிதழ், வேண்டுமென்று ஒருவர் கேட்க, ஆடிட்டர் கொடுத்தார். பணம் அனுப்பக் காட்டிய இறக்குமதி ஆவணங்கள் போலி என்று பின்னால் தெரிந்தது, அமலாக்கத் துறை ஆடிட்டரையும் குற்றம் சாட்டப்பட்டவர்கள் பட்டியலில் சேர்த்தது. அவர் வாங்கிய ஃபீஸ் சான்றிதழுக்கு 1,000 ரூபாய். ஆவணம் அசலா போலியா என்று துருவுவது 15சிபி கொடுப்பவரின் வேலையல்ல என்று சொல்லி, 2022 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. சரி, நியாயம் கிடைத்தது. ஆனால் அதுவரை கோர்ட் வாசலில் நின்ற நாட்களை யார் திருப்பித் தருவார்கள்?

அப்புறம் 2023 மே மாதம் வந்த அறிவிப்பு. கிளையன்ட்டுக்காகச் சொத்து வாங்கி விற்பது, வங்கிக் கணக்கைக் கையாள்வது, கம்பெனி நடத்துவது போன்ற வேலைகளைச் செய்யும் ஆடிட்டர்களையும் கம்பெனி செக்ரட்டரிகளையும் அது சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டது. சந்தேகமான பரிவர்த்தனையைக் கண்டால் நாம்தான் தெரிவிக்க வேண்டும். "கொடுத்த பேப்பரைப் பார்த்துப் போட்டேன்" என்பது இனி எல்லா இடத்திலும் செல்லாது.

இளம் ஆடிட்டர்களுக்கு நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான், கம்பெனி வேலை என்று யாராவது வந்தால் அந்தக் கம்பெனியின் டைரக்டரை நேரில் வரச் சொல்லுங்கள். உட்கார வைத்து, உங்கள் கம்பெனி என்ன வியாபாரம் செய்கிறது என்று கேளுங்கள். கூட வந்த "அண்ணன்" முந்திக்கொண்டு பதில் சொன்னால், ஓடிபி போகும் நம்பரும் அந்த அண்ணனுடையது என்றால், அந்த வேலை உங்களுக்கு வேண்டாம். டைரக்டர் என்று பெயரை மட்டும் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கும் பையனுக்கும் அது ஆபத்துதான். கூலித் தொழிலாளி வீட்டுக்குக் கோடிக்கணக்கில் ஜிஎஸ்டி நோட்டீஸ் வந்த செய்திகளைப் படித்திருப்பீர்கள், அந்தக் கதை பெரும்பாலும் இப்படிக் கொடுத்த ஆதார், பான் நகலில்தான் தொடங்குகிறது.

இன்னொன்று, மேஜை டிராயர். கிளையன்ட்டுகளின் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன்கள் (கம்ப்யூட்டரில் செருகி ஆன்லைனில் கையெழுத்துப் போடும், பென் டிரைவ் போன்றவை) ரப்பர் பேண்ட் போட்டு, மேலே ஸ்டிக்கரில் பின் நம்பர் எழுதி, எத்தனை ஆபீசில் கிடக்கின்றன! உங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து போன ஃபைலிங்குக்குக் கேள்வி முதலில் உங்களிடம்தான் வரும். டோக்கனை உரியவரிடம் கொடுத்து, வாங்கிக்கொண்டதாக எழுதி வாங்கிவிடுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டு இப்போது உறுத்துகிறது என்றால், தயவுசெய்து ஃபைலைக் கிழிக்காதீர்கள், வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள், பழைய தேதி போட்டு எதையும் எழுதிச் சேர்க்காதீர்கள். பலர் உண்மையில் சிக்குவது அந்த இடத்தில்தான். சம்மன் வரட்டும் என்று காத்திருக்காமல், இருக்கிற பேப்பரை இருக்கிறபடியே எடுத்துக்கொண்டு ஒரு கிரிமினல் வக்கீலைப் போய்ப் பாருங்கள்.