மூன்று நிமிடத் தட்டில் முஹாம்: அஜர்பைஜான் இசையின் தொடக்ககால ஒலிப்பதிவுகள்

1912ஆம் ஆண்டில் ஜப்பார் கார்யாக்தியோக்லு என்ற பாடகர், தார் என்னும் நீண்ட கழுத்துத் தந்திக்கருவியை இசைக்கும் குர்பான் பிரிமோவையும் கமாஞ்சா என்னும் வில் கொண்டு வாசிக்கும் கருவியை இசைக்கும் சாஷா ஓகனெஸாஷ்விலியையும் உடன் அழைத்துக்கொண்டு, இசைத்தட்டுக்காகப் பாட, இன்று போலந்தில் உள்ள வார்சா நகருக்குச் சென்றார். ஜப்பார் பிறந்த ஷூஷாவும் வார்சாவும் அன்று ஒரே ரஷ்யப் பேரரசுக்குள் இருந்தன. அஜர்பைஜானின் மரபிசையான முஹாமைப் பாடகர், தார், கமாஞ்சா என்ற மூவர் குழுவே வழங்கும். பாடுபவரே கவால் என்னும் தோற்கருவியையும் தட்டிக்கொள்வார். அந்த இசை தட்டில் ஏறியபோது எது தொலைந்தது, எது தங்கியது என்பதை அறிய, பதிவு நடந்த விதத்தைப் பார்க்க வேண்டும்.

அன்றைய பதிவறையில் ஒலிவாங்கியும் இல்லை, மின்சாரப் பெருக்கியும் இல்லை. புனல் வடிவிலான பெரிய குழாயின் அகன்ற வாயருகே நின்று பாட வேண்டும். குழாயின் குறுகிய முனையில் உள்ள மெல்லிய தகடு ஒலியால் அதிரும். அதனோடு இணைந்த ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் அந்த அதிர்வை இடமும் வலமும் நெளியும் பள்ளமாகக் கீறும். பிறகு மெழுகின்மேல் உலோகப் பூச்சு ஏற்றி அச்சு எடுத்து, அதைக் கொண்டு அரக்குத் தட்டுகளை அழுத்தி எடுத்தார்கள். ஊசியை அசைக்கும் ஆற்றல் முழுவதும் பாடுபவரின் தொண்டையிலிருந்தே வந்தாக வேண்டும் என்பதால், உரத்த, உச்சக் குரல் படைத்தவர்களுக்கே இந்த முறை இசைந்து வந்தது. ஜப்பாரின் குரல் அத்தகையது.

குழாயும் தகடும் எல்லா ஒலிகளையும் ஒன்றாக நடத்தவில்லை. ஏறத்தாழ 200 முதல் 2000 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வுகளே நன்றாகப் பதிந்தன. கவாலின் தாழ்ந்த முழக்கம் பெரும்பாலும் காணாமற்போனது; கமாஞ்சாவின் நாதத்துக்கு நிறம் தரும் மேல் அதிர்வுகளும் மழுங்கின. மீட்டி வாசிக்கும் தார் ஓரளவு தப்பியது. தாரை முழங்காலிலிருந்து மார்புக்கு உயர்த்தி, தந்திகளை 11 ஆக்கியவர் 1902இல் மறைந்த சாதிக்ஜான். பிரிமோவ் அவருடைய மாணவர். ஆசிரியரின் கண்டுபிடிப்பு மாணவரின் கைவழியாகத் தட்டில் பதிந்திருப்பதை எண்ணும்போது எனக்கு நெகிழ்ச்சியாக இருக்கிறது.

காலம் இன்னொரு நெருக்கடி. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டு 3 நிமிடத்தில் 234 சுற்றுகளை முடித்துவிடும். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் அதைவிட அதிகப் பள்ளத்துக்கு இடமில்லை. முழு முஹாமோ ஒரு மணி நேரம்கூட நீளும். தாழ்ந்த சுரங்களில் தொடங்கிப் படிப்படியாக மேலேறும் அதன் கட்டமைப்பே பொறுமையைச் சார்ந்தது. ஆகவே பாடகர்கள் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தோ சுருக்கியோ பாட வேண்டியிருந்தது. அந்தத் தட்டுகளைக் கொண்டு பழைய முஹாம் இவ்வளவு சிறியது என்று முடிவுகட்டுவது பெரும் பிழை.

சுழற்சி வேகமும் அந்நாளில் எல்லாப் பதிவுகளிலும் ஒன்றாக இருக்கவில்லை. 74 சுற்று வேகத்தில் பதிந்ததை இன்று 78இல் ஒலிக்கவிட்டால், குரல் ஏறத்தாழ அரைச்சுரம் உயர்ந்துவிடும். எனவே பாடகர் எந்தச் சுருதியில் பாடினார் என்பதைத் தட்டை மட்டும் கேட்டு உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால் வேகம் மாறும்போது எல்லா அதிர்வெண்களும் ஒரே விகிதத்தில் மாறுவதால், ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் உள்ள இடைவெளி விகிதம் சிதைவதில்லை. முஹாமின் உயிர் அந்த இடைவெளிகளில்தான் இருக்கிறது.

இதன் மதிப்பு 1930களில் தெளிவாகிறது. பாடகர் புல்புல் 1932இல் அஜர்பைஜான் தலைநகர் பாகுவின் இசைக்கல்லூரியில் ஓர் ஆய்வகத்தை அமைத்து, நாட்டார் பாடல்களை ஃபோனோகிராஃப் என்னும் ஒலிப்பதிவுக் கருவியில் பதியச் செய்தார். முதிய ஜப்பாரும் தம் நினைவிலிருந்த பாடல்களை அங்கே வழங்கினார். அதே காலத்தில், தார் கலைஞர் மன்சூர் மன்சூரோவ் வாசித்த ராஸ்த், ஸாபுல், துகா ஆகிய முஹாம்கள் சுரக்குறிப்பாக எழுதப்பட்டு 1936இல் அச்சாயின. தாரின் கழுத்தில் ஒரு ஸ்தாயிக்குள் 12க்கும் மேற்பட்ட மெட்டுகள் (சுரத்துக்கு விரல் வைக்கும் இடத்தைக் காட்டும் கட்டுகள்) கட்டப்பட்டிருக்கும்; ஐரோப்பியச் சுரக்குறிப்பிலோ 12 இடங்கள்தாம். நீளத்தை ஏடு காத்தது. மெட்டுகளுக்கு இடையிலான நுண்ணிய தூரங்களை அறிய, இரைச்சல் மிகுந்த அந்த அரக்குத் தட்டுகளையே கேட்க வேண்டியிருக்கிறது.