சஃபாரி: சொல்லும் பொருளும்

கூரை திறந்த வண்டியில் நின்றபடி கென்யாவின் மாசாய் மாரா காப்பகப் புல்வெளியில் சிங்கத்தைப் பார்ப்பதைச் சஃபாரி என்கிறோம். ஆனால் அச்சொல் புறப்பட்டு வந்த சுவாகிலி மொழியில் அதற்குப் பயணம் என்பதே பொருள். நைரோபியிலிருந்து மொம்பாசாவுக்குப் பேருந்தில் போவதும் அங்கே சஃபாரிதான். பயணத்தைக் குறிக்கும் 'சஃபர்' என்னும் அரபுச் சொல், இந்தியப் பெருங்கடல் வணிகத்தோடு கிழக்கு ஆப்பிரிக்கக் கரையை அடைந்து இவ்வடிவம் பெற்றது. பிழைப்புக்காகக் கடல் கடந்தவரைத் தமிழ் முஸ்லிம்கள் 'சபுராளி' என்பதும் அதே வேரிலிருந்துதான். இந்த உறவு எனக்குப் பெருமகிழ்ச்சி தருகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் சென்ற பிறகே இச்சொல்லில் துப்பாக்கி வாடை ஏறியது. 1909இல் அமெரிக்க முன்னாள் அதிபர் தியடோர் ரூசவெல்ட் மேற்கொண்ட நெடிய வேட்டைப் பயணம் அந்தப் பொருளை உலகெங்கும் பரப்பியது. கென்யா 1977இல் வேட்டையைத் தடைசெய்தது. இன்று துப்பாக்கியின் இடத்தில் ஒளிப்படக் கருவி இருக்கிறது.

எனினும் விலங்குகளைக் காண வண்டியில் போய்வரும் சுற்றைக் குறிக்கும் 'கேம் டிரைவ்' என்னும் தொடரில் அக்காலம் இன்னும் தங்கியிருக்கிறது. இங்கே 'கேம்' என்பது வேட்டைக்குரிய விலங்கு. அதை விளையாட்டு எனப் பெயர்ப்பது பெரும்பிழை. சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், காட்டெருமை ஆகியவற்றைப் 'பெரிய ஐந்து' என்பதும் வேட்டைக்காரர் வகுத்த கணக்கே. நடந்து சென்று வேட்டையாடுவதில் உள்ள ஆபத்தே அதற்கு அளவுகோல் என்பதால்தான், உயர்ந்த ஒட்டகச்சிவிங்கிக்குக் கிடைக்காத இடம் சிறுத்தைக்குக் கிடைத்தது.

தமிழில், சஃபாரி என்னும் பல நாள் நீளும் முழுப் பயணத்தைக் 'கானகப் பயணம்' என்றும், விடியலிலும் மாலையிலும் வண்டியில் சென்று திரும்பும் ஒவ்வொரு சுற்றையும் 'கானுலா' என்றும் பிரித்து வழங்கலாம். மாரா பெரும்பாலும் புல்வெளியாயிற்றே என்று கேட்பவருக்கு, இதைக் கானுயிர் உலா என்பதன் சுருக்கமாகக் கொள்ளலாம் என்பேன். உலா இலக்கியத்தில் தலைவன் வீதியில் வர, மக்கள் நின்று காண்பார்கள். இங்கே காண்பவரே உலாப் போகிறார். இம்முரண் இருந்தாலும் உலாவுதலில் உள்ள நிதானம் இதற்கு மிகவும் பொருந்துகிறது.

விலங்கை நேருக்கு நேர் காண்பதை 'என்கவுன்டர்' என்று எழுதினால், நம் செய்தித்தாள் வழக்கில் அது காவல்துறையின் துப்பாக்கிச் சூடாகிவிடும். 'சந்திப்பு' என்பதோ இருவர் இசைந்து கூடுவது. வளைவில் திரும்பியதும் யானை காதுகளை விரித்து நிற்க, ஓட்டுநர் மூச்சடக்கி வண்டியை மெல்லப் பின்னெடுக்கும் அந்தக் கணத்துக்கு 'எதிர்ப்படுதல்' என்பதே சரியான சொல்.