உலர்ந்த கண்ணுக்குச் சொட்டு மருந்து: பலன் ஏன் தாமதமாகிறது?

சிங்கப்பூரில் வெளியே இறங்கினால் சட்டை நனைகிற புழுக்கம். இங்கே எப்படிக் கண் உலரும் என்று பலர் கேட்கிறார்கள். ஆனால் நாம் வாழ்வது பெரும்பாலும் உள்ளேதான்: அலுவலகம், எம்ஆர்டி, கடைத்தொகுதி, படுக்கையறை, எங்கும் ஏர்கான். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது. திரையை உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவதும் குறைகிறது. சிமிட்டினாலும் இமை பாதிதான் மூடுகிறது.

கண்ணீரில் தண்ணீர் மட்டும் இல்லை. இமை ஓரத்து மைபோமியன் சுரப்பிகள் தரும் எண்ணெய் மேலே படர்ந்து நீர் ஆவியாகாமல் காக்கிறது. நடுவே கண்ணீர்ச் சுரப்பியின் நீர். அதை விழியோடு ஒட்டவைப்பது மியூசின் என்ற வழவழப்பான பொருள். எண்ணெய் குறைந்தாலும் நீர் குறைந்தாலும் கண்ணீரில் உப்பின் செறிவு ஏறுகிறது.

நோயே இங்குதான் தொடங்குகிறது. உப்பேறிய கண்ணீர் விழிப்பரப்பின் செல்களை உறுத்த, அவை அழற்சிக்கான வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அதைக் கேட்டு டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் வந்து சேர்கின்றன. அவை மியூசின் சுரக்கும் செல்களையும் கண்ணீர்ச் சுரப்பியையும் பாதிக்கின்றன. கண்ணீர் இன்னும் குறைகிறது, உப்பு இன்னும் ஏறுகிறது. மருந்துக்கடையில் வாங்கும் செயற்கைக் கண்ணீர் அந்த உப்பைச் சற்று நேரம் நீர்க்கச் செய்யும். லேசான உலர்வுக்கு அது போதும். ஆனால் அழற்சி வேரூன்றிவிட்டால், எரிகிற அடுப்பை அணைக்காமல் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பது போலத்தான்.

அடுப்பை அணைக்கத்தான் மருத்துவர் எழுதித் தரும் மருந்துகள். முதன்மையானது சைக்ளோஸ்போரின். நார்வே மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து சுவிட்சர்லாந்தின் சான்டோஸ் நிறுவனம் பிரித்தெடுத்தது. மாற்று உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்க 1983இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதைக் கண்ணுக்குக் கொண்டுவந்தவர் ரெனே காஸ்வான் என்ற கால்நடைக் கண் மருத்துவர். கண் வறண்டு தவித்த நாய்களுக்கு அவர் அதை இட்டபோது கண்ணீர் மீண்டும் சுரந்தது. மனிதருக்கான 0.05% சொட்டு மருந்துக்கு 2002இல் அனுமதி கிடைத்தது. நாய்களின் நோவைத் தீர்க்க முயன்ற ஒருவரால் கோடிக்கணக்கானோருக்கு வழி பிறந்ததை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சைக்ளோஸ்போரின் டி செல்லுக்குள் கால்சினியூரின் என்ற நொதியைத் தடுக்கிறது. அந்த நொதி இல்லாமல் டி செல்களைப் பெருக்கும் இன்டர்லூக்கின்-2 உருவாகாது. ஏற்கெனவே வந்து கிளர்ந்திருப்பவை ஓயவும், சுரக்கும் செல்கள் மீளவும் காலம் வேண்டும். அதனால்தான் பலன் தெரிய மூன்று முதல் ஆறு மாதங்கள்கூட ஆகலாம். எரிச்சலோ உடனே தெரியும். ஆய்வுகளில் ஏறத்தாழ 17% பேருக்கு எரிந்தது. பலன் தாமதம், எரிச்சல் உடனடி: பலர் பாதியில் விடுவது இதனால்தான். எரிந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

2016இல் வந்த லிஃபிடெக்ராஸ்ட் என்ற சொட்டு மருந்து வேறு வழியில் போகிறது. டி செல் விழித்திசுவைப் பற்றிக்கொள்ளும் பிடியையே அது தடுக்கிறது. சிலருக்கு வாயில் விநோதச் சுவை தட்டும். கண்ணீர்க் குழாய் வழியே மருந்து மூக்குக்கும் அங்கிருந்து தொண்டைக்கும் போவதே காரணம்.

ஸ்டீராய்டு சொட்டு வேகமாக அழற்சியைத் தணிக்கும். ஆனால் நாள்பட்டால் கண் அழுத்தம் ஏறலாம், கண்புரையும் வரலாம். ஊருக்குப் போய்வரும்போது வாங்கிவந்த புட்டியையோ, அக்காவுக்கு எழுதித் தந்ததையோ எடுத்துப் போட்டுக்கொள்வது உண்மையிலேயே ஆபத்து.

சைக்ளோஸ்போரின் நீரில் கரையாது, அதனால் 0.05% மருந்தில் அதை ஆமணக்கெண்ணெயில் கரைத்துப் பால்மமாக்குகிறார்கள். ஒருமுறைக்கான குப்பியைச் சிலமுறை கவிழ்த்து, பால்போல் வெண்மையானதும் இடுங்கள். (பாட்டி வைத்தியம் என்று வீட்டு விளக்கெண்ணெயைக் கண்ணில் விடாதீர்கள், அது கிருமி நீக்கியதல்ல.) ஒரு சொட்டே கண் தாங்குவதைவிட அதிகம், இரண்டாவது கன்னத்தில்தான் வழியும். செயற்கைக் கண்ணீரும் இடுபவர்கள் 15 நிமிட இடைவெளி விடவேண்டும். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டே சொட்டு இட்டு, 15 நிமிடம் கழித்துத் திரும்ப அணியலாம்.