புதிய வலைத்தளம் கூகுளில் வரவில்லையா? பணம் கட்டும் முன் இவற்றைப் பாருங்கள்

தொழிலுக்காகப் புதிதாக வலைத்தளம் தொடங்கியவர்கள் என்னைப் போல எஸ்இஓ (தேடலில் தளத்தை மேலே கொண்டுவரும்) வேலை செய்பவர்களிடம் வரும்போது பெரும்பாலும் ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். "சைட் ஆரம்பித்து ஒரு மாதம் ஆகிறது, கூகுளில் தேடினால் வரவே இல்லை, மேலே கொண்டுவர எவ்வளவு செலவாகும்?" செலவைப் பேசுவதற்கு முன்னால் அந்தத் தளம் எந்த இடத்தில் சிக்கி நிற்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அது தெரியாமல் செய்யும் செலவில் பெரும்பகுதி வீணாகத்தான் போகிறது.

தேடுபொறியின் வேலை மூன்று கட்டங்களாக நடக்கிறது. முதலில் கூகுள்பாட் என்ற நிரல் உங்கள் பக்கத்துக்கு வந்து படிக்கிறது. அடுத்து, வைத்துக்கொள்ளத் தகுந்தது என்று பட்டால் இண்டெக்ஸ் என்ற தன் பக்கப் பதிவேட்டில் சேர்க்கிறது. யாராவது எதையாவது தேடும்போது இண்டெக்ஸில் உள்ளவற்றில் பொருத்தமானவற்றை எடுத்து வரிசைப்படுத்துவது மூன்றாவது கட்டம். ரேங்க், ரேங்க் என்று எல்லோரும் பேசுவது இந்தக் கடைசிக் கட்டத்தைத்தான். புதிய தளங்களோ பெரும்பாலும் முதல் இரண்டிலேயே நின்றுவிடுகின்றன. இண்டெக்ஸிலேயே இல்லாத பக்கத்துக்கு ரேங்க் வாங்கித்தர யாராலும் முடியாது.

உங்கள் தளம் இண்டெக்ஸில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் சைட் என்று அடித்து, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தள முகவரியைச் சேர்த்துத் தேடுங்கள். ஒரு பக்கமாவது வந்தால் கூகுளுக்கு உங்களைத் தெரியும். எதுவுமே வரவில்லை என்றால் கோளாறு ரேங்கில் இல்லை. இது தோராயமான சோதனைதான். உறுதியான பதில் சர்ச் கன்சோலில் கிடைக்கும். கூகுள் இலவசமாகத் தரும் கருவி அது. 2015 வரை வெப்மாஸ்டர் டூல்ஸ் என்ற பெயரில் இருந்தது. தளம் உங்களுடையது என்று நிரூபித்துவிட்டால், எந்தப் பக்கத்தின் முகவரியைக் கொடுத்தாலும் அது இண்டெக்ஸில் இருக்கிறதா, இல்லை என்றால் ஏன் இல்லை என்று சொல்லிவிடும்.

தொழிற்சாலைகளுக்கு எடைமேடை விற்று, சர்வீஸும் செய்யும் நிறுவனம் ஒன்று என்னிடம் வந்தது. தளம் பார்க்க அழகாக இருந்தது. படங்கள் நன்றாக இருந்தன. ஆனால் சைட் தேடலில் ஒரு பக்கம்கூட வரவில்லை. முகப்புப் பக்கத்தின் முகவரியைச் சர்ச் கன்சோலில் கொடுத்ததும் காரணம் ஒரே வரியில் வந்தது: நோஇண்டெக்ஸ் குறிச்சொல்லால் விலக்கப்பட்டது. இந்தப் பக்கத்தை இண்டெக்ஸில் சேர்க்காதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறிப்பு அது. தளம் கட்டப் பயன்பட்ட வேர்ட்பிரஸ் மென்பொருளில் செட்டிங்ஸ் போய், ரீடிங் பக்கத்தின் அடியில் பார்த்தால், தேடுபொறிகள் இந்தத் தளத்தை இண்டெக்ஸ் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தது. தளத்தைக் கட்டும்போது அந்த டிக்கைப் போட்டு வைப்பது சரியான பழக்கம்தான். அரைகுறைப் பக்கங்கள் வெளியே போகாது. வேலை முடிந்து ஒப்படைத்தபோது யாரும் அதை எடுக்கவில்லை. உரிமையாளர் அந்த வாரம் ஓர் ஏஜென்சியோடு மாதாந்திர ஒப்பந்தம் போடவிருந்தார். கடைக் கதவைப் பூட்டிவிட்டு ஊரெல்லாம் நோட்டீஸ் கொடுக்கும் வேலையாக அது முடிந்திருக்கும்.

இதே வகையில் இன்னும் இரண்டு கோளாறுகள் அடிக்கடி கண்ணில் படுகின்றன. ஒன்று ரோபோட்ஸ் கோப்பு. தேடுபொறி நிரல்கள் எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்று சொல்லும் சிறிய உரைக்கோப்பு அது. 1994இல் ஒரு புரிந்துணர்வாகத் தொடங்கி, 2022இல்தான் முறையான இணையத் தரமாக வெளியானது. அதில் 'டிஸ்அலோ' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தனியாக ஒரு சாய்கோடு மட்டும் இருந்தால் முழுத் தளமும் அடைபட்டுவிடும். இங்கே பலர் குழம்பும் ஒரு விஷயம் உண்டு. ஒரு பக்கத்தை மறைக்க வேண்டும் என்று ரோபோட்ஸ் கோப்பிலும் தடுத்து, நோஇண்டெக்ஸும் போடுகிறார்கள். உள்ளே வரவே விடாதபோது நிரல் அந்த நோஇண்டெக்ஸை எப்படிப் படிக்கும்? வேறு தளங்களிலிருந்து அந்தப் பக்கத்துக்கு இணைப்பு இருந்தால், விவரம் எதுவும் இல்லாமல் வெறும் முகவரி மட்டும் தேடலில் வந்து நிற்கலாம். மறைப்பதற்கு நோஇண்டெக்ஸ் அல்லது கடவுச்சொல்தான் வழி.

இன்னொன்று, சோதனைக்காக டெவலப்பர் வைத்திருந்த தற்காலிக முகவரி. அங்கே தளத்தின் முழு நகல் திறந்தே கிடக்கும். ஒரே பக்கத்தின் நகல்களில் எது அசல் என்று தேடுபொறிக்குச் சொல்வது கனானிக்கல் குறிச்சொல். உண்மையான தளத்தில் அது இன்னமும் அந்தப் பழைய முகவரியையே அசல் என்று காட்டிக்கொண்டிருக்கும். கூகுளும் அதை நம்பி உங்கள் புதிய முகவரியை நகல் என்று ஒதுக்கிவிடலாம். தளத்தை வாங்கிக்கொள்ளும் நாளில் டெவலப்பரிடம் இந்த மூன்றையும் நேரடியாகக் கேட்டுவிடுங்கள். தொழில்நுட்பம் தெரிந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

சைட்மேப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கங்களின் பட்டியல்தான் அது; ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை கொடுக்கலாம். யாரும் இன்னும் இணைப்புத் தராத புதிய தளத்துக்குப் பயன்படும், சர்ச் கன்சோலில் கொடுத்துவிடுங்கள். ஆனால் கொடுத்த முகவரிகள் எல்லாம் இண்டெக்ஸில் சேரும் என்ற உறுதி இல்லை. மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங்குக்குத் தனியாக வெப்மாஸ்டர் கருவி இருக்கிறது. சர்ச் கன்சோலில் உள்ளதை அப்படியே அங்கே இறக்குமதி செய்யலாம். மைக்ரோசாஃப்டும் ரஷ்யத் தேடுபொறியான யாண்டெக்ஸும் 2021இல் தொடங்கிய இண்டெக்ஸ்நவ் முறையில் புதிய பக்கத்தைப் பிங்குக்கு உடனே தெரிவிக்கவும் முடியும். இவை தவிர, நூற்றுக்கணக்கான தேடுபொறிகளில் உங்கள் தளத்தைச் சமர்ப்பிக்கிறோம் என்று யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

சரி, கதவு திறந்தாகிவிட்டது. இரண்டாவது கட்டத்தில் சர்ச் கன்சோல் காட்டும் இரண்டு நிலைகளைப் பிரித்துப் புரிந்துகொள்ள வேண்டும். 'கண்டறியப்பட்டது, இண்டெக்ஸ் செய்யப்படவில்லை' என்றால் முகவரி தெரியும், நிரல் இன்னும் வரவில்லை என்று பொருள். பொறுத்திருக்கலாம், உங்கள் மற்ற பக்கங்களிலிருந்து அதற்கு இணைப்புக் கொடுத்தால் உதவும். 'க்ரால் செய்யப்பட்டது, இண்டெக்ஸ் செய்யப்படவில்லை' என்பது வேறு. வந்தார்கள், படித்தார்கள், எடுத்துக்கொள்ளவில்லை. இங்கே இண்டெக்ஸிங் கோரும் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பயனில்லை. பக்கத்தில் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

எடைமேடை நிறுவனத்தின் சர்வீஸ் பக்கத்தில் மூன்றே வரிகள் இருந்தன. தரமே எங்கள் தாரக மந்திரம், வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் வெற்றி, தொடர்புக்கு இந்த எண். பெயரை மாற்றினால் இதே வரிகள் எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும். அப்படிப்பட்ட பக்கத்தைத் தேடுபொறி ஏன் எடுத்து வைக்க வேண்டும்? பொருட்களின் விவரங்களோ, அச்சடித்த கையேட்டைப் படமெடுத்துப் போட்டதில் சிக்கிக் கிடந்தன. எவ்வளவு எடை தாங்கும், மேடையின் அளவு என்ன என்பதெல்லாம் படத்துக்குள் எழுத்தாக இருந்தால் அதைத் தேடுபொறி பக்கத்தின் உரையாக எடுத்துக்கொள்ளும் என்று நம்பி இருக்க முடியாது.

நாங்கள் செய்தது இதுதான். அந்த நிறுவனத்தில் தொலைபேசி எடுப்பவரோடு உட்கார்ந்து, அழைப்பவர்கள் என்னென்ன கேட்கிறார்கள் என்று எழுதச் சொன்னோம். அவர் யோசிக்காமல் அடுக்கினார். எண் ஒரு இடத்தில் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது, ஏன்? காலி மேடையிலும் பூஜ்யம் வரவில்லை, என்ன செய்வது? எடையை உணரும் லோட் செல் போய்விட்டால் சரிபண்ண முடியுமா, மாற்றத்தான் வேண்டுமா? கேலிப்ரேஷன், அதாவது எடை சரியாகக் காட்டுகிறதா என்று சரிபார்ப்பது, எவ்வளவு நாளைக்கு ஒருமுறை? விலை கேட்பதற்கு முன் நாங்கள் என்னென்ன அளவு எடுத்துச் சொல்ல வேண்டும்? இந்தக் கேள்விகளுக்கு அவர்களுடைய மெக்கானிக் சொல்லும் பதில் வேறு எங்கேயும் இல்லாத சரக்கு. ஒவ்வொன்றையும் தனிப் பக்கமாகவோ பகுதியாகவோ எழுதினோம். தளத்தில் 'துல்லிய எடைத் தீர்வுகள்' என்று இருந்ததையும் மாற்றினோம். மேடை மக்கர் செய்யும்போது யாரும் தீர்வுகள் என்று தேடுவதில்லை. எடை மெஷின் தப்பாகக் காட்டுகிறது என்றுதான் அடிப்பார்கள்.

தலைப்புக் குறிச்சொல்லையும் அப்போதே சரிசெய்தோம். எல்லாப் பக்கங்களுக்கும் 'ஹோம்' என்றே தலைப்பு இருந்தது. தேடல் முடிவில் நீல எழுத்தில் பெரிதாக வருவது பெரும்பாலும் இந்தத் தலைப்புதான். 'தொழிற்சாலை எடைமேடை: விற்பனை, கேலிப்ரேஷன், பழுதுநீக்கம்' என்று முகப்புக்கு வைத்தால் படிப்பவருக்கும் புரியும், நிரலுக்கும் புரியும். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித் தலைப்பு வேண்டும். பக்கத்தின் நிரலுக்குள் மெட்டா கீவேர்ட்ஸ் என்று ஐம்பது சொற்களை அடுக்குவது மட்டும் வேண்டாம். வலைத் தேடலின் தரவரிசைக்கு அதைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. இன்றும் அதைத் தனிச் சேவையாக விற்பவர்கள் இருக்கிறார்கள் என்பது வருத்தமான விஷயம்.

கைபேசியில் உங்கள் தளம் எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள். கூகுள் இப்போது இண்டெக்ஸ் செய்வது கைபேசி வடிவத்தைத்தான்; 2016இல் அறிவித்த இந்த மாற்றம் 2023இல் நிறைவடைந்தது. கணினியில் தெரிந்து கைபேசியில் காணாமல் போகும் பத்தி அவர்களைப் பொறுத்தவரை இல்லாத பத்தி. வேகத்தைப் பொறுத்தவரை, பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிந்தால் நல்லது என்பது கூகுளின் அளவுகோல். புதிய தளங்களில் தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் சுருக்காமல் ஏற்றிய பெரிய படங்கள்தான். சோதனைக் கருவியில் நூற்றுக்கு நூறு வாங்கப் போராட வேண்டியதில்லை.

அப்புறம் இணைப்புகள். மற்றவர்கள் ஒரு பக்கத்துக்குத் தரும் இணைப்புகளை வைத்து அதன் முக்கியத்துவத்தை எடைபோடும் பேஜ்ரேங்க் என்ற யோசனையோடுதான் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998இல் கூகுளைத் தொடங்கினார்கள். அதனால்தான் ஆயிரம் பேக்லிங்க் (பிற தளங்களிலிருந்து வரும் இணைப்பு) இவ்வளவு என்று விற்கும் தொழிலும் வளர்ந்தது. 2012இல் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து கூகுள் அதைக் குறிவைத்தது. இன்று வாங்கிய இணைப்புகள் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் விடப்படும். மோசமானால் மேனுவல் ஆக்‌ஷன் என்ற தண்டனை வந்து தளமே தேடலிலிருந்து இறங்கிவிடும். முளைத்தே வராத தளத்துக்கு இந்த ஆபத்து எதற்கு? உங்களை ஏற்கெனவே தெரிந்தவர்களிடம் கேளுங்கள். நீங்கள் விற்கும் பொருளின் உற்பத்தியாளர் தளத்தில் விற்பனையாளர் பட்டியல் இருக்கும். தொழில் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அங்கே ஒரு பக்கம் இருக்கும். உங்கள் பெயர் அங்கே இருந்தும் தள முகவரி இல்லாமல் இருப்பதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஒரு மின்னஞ்சல் எழுதினால் சேர்த்துவிடுவார்கள். வாடிக்கையாளரை நேரில் சந்திக்கும் தொழில் என்றால் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலையும் இன்றே பதிவு செய்துவிடுங்கள், அதுவும் இலவசம்.

முதலிடம் உத்தரவாதம் என்று வரும் மின்னஞ்சல்களைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அடிக்கடி வந்து படிக்கவோ மேலே காட்டவோ அவர்கள் பணம் வாங்குவதில்லை. விளம்பரம் தனி; விளம்பரத்துக்குப் பணம் கட்டினால் இயல்பான தேடல் முடிவில் இடம் உயராது. இதைவிட எனக்குக் கவலை தருவது உரிமை விஷயம். டொமைன் (தள முகவரி), ஹோஸ்டிங் (தளம் இருக்கும் இடம்), சர்ச் கன்சோல் எல்லாமே ஏஜென்சியின் கணக்கில் இருக்கும். ஒப்பந்தம் முறிந்த அன்று சொந்தத் தொழிலின் முகவரியே கையில் இல்லாமல் நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். யாரிடம் வேலை கொடுத்தாலும் உரிமையாளர் கணக்கு உங்களுடையதாக இருக்கட்டும், அவர்களுக்குப் பயனர் அனுமதி மட்டும் கொடுங்கள். சர்ச் கன்சோலில் அதற்கு வசதி இருக்கிறது.

எவ்வளவு காலம் ஆகும்? மாற்றங்களைத் தொடங்கியதிலிருந்து பலன் தெரிய பொதுவாக நான்கு மாதம் முதல் ஒரு வருடம் வரை ஆகும் என்பது கூகுள் சொல்லும் கணக்கு. ஒரு மாதத்தில் வரவில்லை என்று தளத்தைக் கலைத்துவிட்டு மறுபடி கட்டாதீர்கள். காத்திருக்கும் காலத்தில் சர்ச் கன்சோலின் பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையைப் பாருங்கள். கிளிக் வருவதற்கு முன்னால் இம்ப்ரெஷன் ஏறும், அதாவது உங்கள் பக்கம் யாருடைய தேடல் முடிவிலோ தென்படத் தொடங்கியிருக்கும். முதலில் நிறுவனத்தின் பெயரைத் தேடுபவர்களுக்குத் தெரிவீர்கள். பிறகு நீளமான, குறிப்பான கேள்விகளுக்கு. ஒற்றைச் சொல் தேடல்கள் கடைசியில்தான் வரும், சிறிய நிறுவனத்துக்கு வராமலும் போகலாம். அதனால் நஷ்டமில்லை, குறிப்பாகத் தேடுபவர்தான் தொலைபேசி எடுக்கிறார். எடைமேடை நிறுவனத்தின் அறிக்கையில், மழைக்காலத்தில் எடை மாறுவது பற்றிய தேடல் ஒன்றுக்கு அவர்கள் பக்கம் இரண்டாம் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. மேடையின் வயர்கள் சேரும் ஜங்ஷன் பாக்ஸில் ஈரம் இறங்குவது எப்படி, திறந்து பார்க்கும்போது எதைத் தொடக்கூடாது, எப்போது மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும் என்று அவர்களுடைய மெக்கானிக்கை வைத்தே விரிவாக எழுதச் சொன்னேன்.