அந்த அறைக்கு இரண்டு கதவு வேண்டும்

"நல்ல வேலைதான் மகள், எனக்கு விளங்குது. ஆனா பின்னால நாங்க குடியிரிக்கிற வீடு. விசர்க்காரர் வந்து போறாங்கண்டு சனம் கதைக்கும்."

மட்டக்களப்பு நகரில் என் உளவளத்துணை (கவுன்சலிங்) வேலைக்கென்று ஓர் அறை தேடி நான் அலைந்தபோது கேட்ட பேச்சு இது. சொன்ன ஐயா கெட்டவர் இல்லை. தேத்தண்ணி தந்து, பக்கத்தில் இருத்தித்தான் சொன்னார். அவருடைய கட்டடத்தில் கீழே இரண்டு கடைகளும் வாடகைக்குப் போயிருந்தன. மேல்மாடி அறைகள் இரண்டும் ஒரு வருடத்துக்கு மேலாகப் பூட்டிக் கிடந்தன.

என்னிடம் யார் வருகிறார்கள் என்று அன்றைக்கு அவருக்குச் சொன்னேன், இங்கேயும் சொல்கிறேன். உயர்தரப் பரீட்சை நெருங்க நெருங்க நித்திரை வராத பிள்ளை. கணவன் கட்டாரில், மாமியார் வீட்டில் தனியாக மூச்சு முட்டும் பெண். மனைவி இறந்த பிறகு சமையலறைக்குள் போக முடியாத ஓய்வுபெற்ற ஆசிரியர். இவர்களால் யாருக்கும் தொந்தரவு வந்ததில்லை. வாசலில் நின்று, தெரிந்த முகம் ஏதும் வீதியில் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் படி ஏறுகிறார்கள். பயம் அவர்களுக்குத்தான்.

மனநலச் சேவை இந்த ஊரின் வாடகையைத் தொட்டது இப்போதுதான் என்றில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டு நிறுவனங்கள் வரிசையாக வந்தபோது, கல்லடியிலும் புளியந்தீவிலும் நல்ல வீடுகளுக்கு வாடகை ஏறியதை வயதானவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். மனதையும் சமூக வாழ்வையும் சேர்த்துப் பார்க்கும் 'உளசமூகம்' என்ற சொல்லே அப்போதுதான் நம் வீடுகளுக்குள் வந்தது. வரவேற்பறையைப் பலகை அடித்துப் பிரித்து அலுவலகமாக்கினார்கள். திட்டப் பணம் முடிந்ததும் அவர்கள் போனார்கள், வாடகையும் இறங்கியது. இன்றைய தேவை அப்படிப்பட்டதல்ல. ஆட்கள் தாங்களாகவே வருகிறார்கள், தங்கள் கைக்காசைத் தருகிறார்கள். கோவிட்டின் முதல் வருடத்தில் பதகளிப்பும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் அறிவித்தது. அதே 2022இல் நமக்குப் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் சிகிச்சை இலவசம், மருந்தும் அங்கேயே. நானே பலரை அங்கு அனுப்புகிறேன். ஆனால் வேலைநாளில் லீவு எடுத்து கிளினிக் வரிசையில் நிற்க முடியாதவர்கள், வரிசையில் கண்டுவிடுவார்கள் என்று அஞ்சுபவர்கள், பின்னேரத்தில் தனியார் அறையைத்தான் தேடுகிறார்கள்.

அமெரிக்காவில் இந்தத் தேவை வணிகக் கட்டடங்களுக்குள் போன வழி வேறு. உடல்நோய்க்குத் தரும் காப்புறுதியை விட மனநோய்க்கான காப்புறுதியில் கூடுதல் கட்டுப்பாடு வைக்கக்கூடாது என்று 2008இல் அங்கே சட்டம் வந்தது. பணம் காப்புறுதியிலிருந்து வருமென்றால் ஒரு நிறுவனம் துணிந்து பல வருடக் குத்தகை எழுதும். இங்கே அப்படிப் பணம் வரும் வழி இல்லை. ஒரு மாலைக்கு மூன்று பேர் தரும் கட்டணத்திலிருந்துதான் வாடகை கட்டவேண்டும்.

அப்ப, வைத்தியர்களைக் காசு கட்டிப் பார்க்கும் தனியார் சனலிங் சென்டரில் ஓர் அறை எடுக்கலாமே என்று கேட்பீர்கள். எடுத்திருந்தேன். கணக்கு ஒத்துவரவில்லை. அந்த நிலையங்களுக்கு வருமானம் தலைக்கு இவ்வளவு என்றுதான் வருகிறது. இரண்டு மணித்தியாலத்தில் ஒரு வைத்தியர் இருபது பேரைப் பார்த்தால் இருபது பேரின் கட்டணம். அதே நேரத்தில் நான் பார்ப்பது இரண்டு பேர். அதனால் எனக்குக் கிடைத்தது ஈசிஜி எடுக்கும் அறைக்குப் பக்கத்தில், இரவு ஏழரைக்குப் பிறகு. ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போது கதவைத் தட்டி "முடிஞ்சுதா மிஸ்?" என்று கேட்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த அறையின் விலையே ஆள் கணக்கில் வைத்த விலை. என் வேலைக்கு மணிக்கணக்கில் விலை வேண்டும்.

கட்டடம் வைத்திருப்பவர்களிடம் நான் சொல்ல வந்தது இதைத்தான். மேல்மாடி அறையை முழு மாதத்துக்கு, இரண்டு வருட அட்வான்ஸோடு தரவே ஆள் பார்த்துக் காத்திருக்கிறீர்கள். அதை மாலை நேரங்களுக்கு மட்டும், நாள் பிரித்து, ஒரு உளவளத்துணையாளர், ஒரு பேச்சு மொழிச் சிகிச்சையாளர், வார இறுதிக்கு ஒரு மனநல வைத்தியர் என்று மூன்று பேருக்குத் தரலாம். பகலில் அதே அறையில் கணக்காளர் இருக்கட்டும். மூன்று பேரில் ஒருவர் விலகினாலும் அறை முழுதாக வெறுமையாகாது. எங்களுக்கும் தூக்க முடிந்த வாடகையாக இருக்கும்.

ஆனால் அறை சரியாக இருக்கவேண்டும். பார்க்கப் போகும் இடத்தில் எல்லாம் நான் ஒரு சோதனை செய்வேன். கூட வருபவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தி, பத்திரிகையை வழக்கமான குரலில் வாசிக்கச் சொல்லிவிட்டு வெளியே கதிரையில் இருந்து கேட்பேன். முக்கால்வாசி அறைகளில் மரண அறிவித்தலில் உள்ள பெயர்கூடத் தெளிவாகக் கேட்கும். சுவர் கல்லால் கட்டியதாகத்தான் இருக்கும், ஆனால் சீலிங்கோடு நின்றிருக்கும். சீலிங்குக்கு மேலே கூரைத் தகடு வரை வெளி. குரல் அதற்குள்ளால் ஏறி அடுத்த அறையில் இறங்கும். அந்த இரண்டு மூன்று அடியைக் கல் வைத்து அடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். மற்றப் பாதி கதவுக்குக் கீழே. ஒரு விரல் நுழையும் இடைவெளி இருந்தால் போதும், எல்லாம் வெளியே வந்துவிடும். மெல்லிய பலகைக் கதவை மாற்றி, அடியில் றப்பர் பட்டை அடித்தால் சரி. யன்னலை மூடவேண்டியிருப்பதால் ஏசிக்குத் தனி மீற்றர் வைத்துத் தந்தால் மாத முடிவில் மின்கட்டணச் சண்டை வராது.

அடுத்தது கதவு. இரண்டு வேண்டும். ஒருவர் வெளியேறும்போது அடுத்தவர் உள்ளே வருகிறார். சின்ன ஊர், இருவரும் ஒரே பாடசாலையில் படிப்பிப்பவர்களாக இருந்தால்? பின்பக்கம் ஒழுங்கைக்கு இறங்கும் ஒரு படி இருந்தால் அந்தச் சங்கடமே இல்லை. கீழே பாமசி இருக்கும் கட்டடம் என்றால் இன்னும் நல்லது, "பனடோல் வாங்க வந்தனான்" என்று சொல்லிக்கொள்ளலாம். மருந்துக்கடைக்கு மேலே இருந்த காலத்தில்தான் எனக்குப் புதிதாக வருபவர்கள் கூடினார்கள், பெண்கள் குறிப்பாக. இதெல்லாம் வெட்கத்துக்கு இடம் கொடுப்பதல்லவா என்று சக தொழிலாளர்கள் சிலர் கேட்பதுண்டு. வெட்கம் போகும் வரைக்கும் ஒரு மனுசியைக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. வர முடியாத இரவுகளுக்குத் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது, எல்லோருக்கும் அதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கச்சிமாருக்கு ஒரு சொல். வாய்ப்பேச்சில் வாடகைக்குப் போகாதீர்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட்டால்தான் சட்டத்தின் முன் நிற்கும். நான் எழுதாமல் போனேன். சுவரை உயர்த்தி, கதவு மாற்றி, ஏழாம் மாதம் "தம்பியின்ட மகனுக்குக் கடை போடவேணும்" என்றார்கள். கட்டிய சுவரைத் தூக்கிக்கொண்டா வரமுடியும்? என்னிடம் வந்துகொண்டிருந்தவர்களில் நான்கு பேர் புதிய இடத்துக்கு வரவே இல்லை. காசு போனதை விட அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தேத்தண்ணி தந்த ஐயா போன மாதம் தொலைபேசியில் அழைத்தார். பேத்தி கம்பஸிலிருந்து திரும்பி வந்து மூன்று கிழமையாக அறையை விட்டு வெளியே வருவதில்லையாம். பிள்ளையை எங்கே கூட்டிவரலாம் என்று கேட்டார். நான் இப்போது இருக்கும் இடத்துக்குப் பின்ஒழுங்கைப் படியால் வரச் சொன்னேன். வந்தார்கள்.

இப்போது அந்த மேல்மாடியைத் திருத்தப் போகிறார். "மேசன் சனிக்கிழமை வாறான். சுவர் எவ்வளவு உயரம் வேணுமெண்டு நீங்களே வந்து அவனுக்குச் சொல்லுங்க மகள்" என்றார். பத்திரிகை ஒன்றும் எடுத்துப் போகவேண்டும்.