எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட என்ன குடிக்கலாம்?

தீபாவளிக்கு ஊருக்கு வந்தால் போதும், ஹட்டனில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் யாராவது கேட்டுவிடுவார்கள்: "எதிர்ப்புச் சக்தி கூடுறதுக்கு என்னம்மா குடிக்கலாம்?" உடம்பின் எதிர்ப்புச் சக்தியை ஆராயும் நிர்ப்பீடனவியல் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவளுக்கு ஏதாவது ரகசியம் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை. கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும் என்பேன். அதற்கு மேல் அது எதையும் கூட்டாது. 2020 டிசம்பரில் கேகாலையில் கொரோனாவுக்கு மருந்தென்று சொன்ன ஒரு பாணி வாங்க ஆயிரக்கணக்கில் சனம் முண்டியடித்ததே, அதுவும் எதையும் கூட்டவில்லை.

நல்ல சாப்பாடும் தூக்கமும் வேண்டும். இரும்புச் சத்தும் புரதமும் குறைந்தால் உடம்பு தளரும், சரி. ஆனால் எதிர்ப்பு என்பது கூட்டிக் குறைக்கிற ஒரு சரக்கு அல்ல. எதை அடிப்பது, எதைத் தொடாமல் விடுவது என்று அடையாளம் காணும் வேலை அது. அடையாளம் பிசகினால், எதிர்ப்பு கூடக் கூட ஆபத்துதான். முடக்குவாதம் என்ற மூட்டுநோயில் சொந்த வெண்குழியங்களே (இரத்தத்தின் வெள்ளையணுக்களே) மூட்டுகளை அரிக்கின்றன. டெங்கு இரண்டாம் தடவை வேறொரு வகை வைரஸால் வரும்போது, முதல் தடவை கிருமியை மறிக்க உடம்பில் உண்டான பிறபொருளெதிரிகளே (அன்டிபொடி) அந்த வைரஸைக் கலங்களுக்குள் (செல்களுக்குள்) ஏற்றிவிட்டு நோயைக் கடுமையாக்கலாம். இதைக் கூட்டச் சொல்லித்தானா கேட்கிறீர்கள்?

நெஞ்சு எலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. என்புமச்சையில் (எலும்புக்குள் இருக்கும் மச்சையில்) பிறக்கும் ஒருவகைக் கலங்கள் அங்கே போய்த்தான் டி கலங்கள் என்ற வெண்குழியங்களாக முதிர்கின்றன. அங்கே நடப்பது நம் ஐந்தாம் ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சையைவிடக் கொடுமையான பரீட்சை. சொந்த உடம்பையே அடிக்கப் பார்க்கும் கலத்தைக் கழித்துவிடுவார்கள். எதையுமே அடையாளம் காணத் தெரியாத கலத்தையும் கழித்துவிடுவார்கள். தேறி வெளியே வருவது சொற்பம். 1961இல் ஜாக் மில்லர் எலிகளில் செய்து காட்டும்வரை, அந்தச் சுரப்பிக்கு உருப்படியான வேலை எதுவும் கிடையாது என்றே பலரும் நினைத்திருந்தார்கள்.

தேறி வந்த கலத்துக்கு ஒரு குறிப்பிட்ட எதிரியைக் காட்டிக்கொடுக்க இரண்டு வழி உண்டு. ஒன்று தடுப்பூசி. மற்றது, கலத்தையே வெளியே எடுத்து, திருத்தி, திரும்ப ஏற்றுவது. நான் முதலாவதில் தொடங்கி இரண்டாவதுக்கு வந்தவள். துறை மாறிவிட்டேன் என்கிறார்கள். எனக்கு அதே கலம்தான்.

உங்கள் இடது மேற்கையில் உள்ள தழும்பைத் தடவிப் பாருங்கள். பிறந்ததும் ஆஸ்பத்திரியில் போட்ட பீசீஜீ என்ற காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு அது. கல்மெட், கெரான் என்ற இரண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள் மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 வருடம் திரும்பத் திரும்ப வளர்த்து, அதன் வலுவைப் போக்கி, 1921இல் பாரிஸில் ஒரு குழந்தைக்கு முதன்முதலாகக் கொடுத்தார்கள். அதே கிருமியை இன்று சிறுநீர்ப்பைப் புற்றுநோயின் ஆரம்பக் கட்டத்தில் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் விடுகிறார்கள். கிருமி வந்துவிட்டதென்று வெண்குழியங்கள் திரண்டு வரும். வந்த இடத்தில் புற்றுநோய்க் கலங்களையும் ஒரு கை பார்க்கும். தடுப்பூசிக்கும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கும் நடுவில் சுவர் இல்லை என்று வகுப்பில் சொல்ல எனக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைத்ததில்லை.

நாய்க்கடி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் நாய் கடித்தால் மஞ்சள் அப்புகிறார்கள், மிளகாய்த்தூள் வைக்கிறார்கள், பார்வை பார்க்கக் கூட்டிப்போகிறார்கள். இவை எதுவும் வேண்டாம். முதல் வேலை, ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுவது. விசர்நாய் வைரஸ் நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு ஏறுவது; காயத்திலேயே எவ்வளவு கழுவிப் போகிறதோ அவ்வளவு லாபம். பிறகு உடனே ஆஸ்பத்திரி.

காயம் கடுமையாக இருந்தால் அங்கே இரண்டு விதமான ஊசி போடுவார்கள். "ஒண்ணு போதாதா, ஏன் இத்தனை குத்து?" என்று பலருக்கும் எரிச்சல். காயத்தைச் சுற்றிப் போடுவது, வேறோர் உடம்பில் உண்டான பிறபொருளெதிரி. அது கடன். போட்ட கணத்திலேயே வேலை செய்யும், சில வாரங்களில் தீர்ந்துவிடும். மற்றது தடுப்பூசி. அது உங்கள் சொந்தக் கலங்களுக்கு வைரஸைக் காட்டிக்கொடுப்பது. கலங்கள் படித்துத் தேறி பிறபொருளெதிரியை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியைத் தாங்கத்தான் கடன். அடுத்தடுத்த தவணைகளுக்குப் போகாமல் நிற்பவர்கள் அதிகம், காரணமும் தெரியும்: ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். ஆனால் நோயின் அறிகுறி தொடங்கிவிட்டால், தண்ணீரைக் கண்டு மிரளும் கட்டம் வந்துவிட்டால், காப்பாற்றுவது ஏறத்தாழ முடியாத காரியம். கங்காணியிடமோ துரையிடமோ சண்டை போட்டாவது போங்கள்.

குளிர் விஷயத்தில் நம் பக்கம் ஒரு விசித்திரம். நுவரெலியாவில் தடுப்பூசிக்கு எதற்கு ஐஸ்பெட்டி என்று கேலியாகக் கேட்பார்கள். நம் நாட்டுத் தடுப்பூசி அட்டவணையில் உள்ள தடுப்பூசிகள் 2 முதல் 8 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும். சூடு கெடுக்கும், அது தெரிந்ததே. ஆனால் ஐந்துநோய்த் தடுப்பூசி போல அலுமினிய உப்பு சேர்ந்தவற்றை உறைய விட்டாலும் வீண். உறைந்து உருகிய குப்பியைக் குலுக்கி வைத்தால் திரிதிரியாகப் பிரிந்து சீக்கிரமே அடியில் தங்கும். ஐஸ் கட்டியோடு ஒட்டியபடி குப்பியை வைக்காமல் மிட்வைஃப் மிஸ் அவ்வளவு கவனமாக அடுக்குவது இதற்காகத்தான்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பீவீ வைரஸுக்கான தடுப்பூசி 2017இல் நம் அட்டவணையில் சேர்ந்தது. ஆறாம் தரத்து மாணவிகளுக்குப் பாடசாலையிலேயே போடுகிறார்கள். அதில் வைரஸ் இல்லை, வைரஸின் மரபணுவும் இல்லை. வெறும் வெளிக்கூடு மட்டும். அந்தப் புற்றுநோயைத் தடுக்க அந்தக் கூட்டைக் கலங்களுக்குக் காட்டினால் போதும். "பிள்ளை தங்காமல் போய்விடுமோ" என்று பாட்டிமார் பயப்படுகிறார்கள். கருத்தடை விஷயத்தில் மலையகப் பெண்களுக்குப் பழைய கசப்புகள் உண்டு, ஆகவே அந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளுகிறவர்கள் மீதுதான் எனக்குக் கோபம். கூட்டத்தில் உட்கார வைத்து, அவர்கள் கேட்டு முடிக்கும்வரை பதில் சொல்ல வேண்டும். அப்புறம் பெரும்பாலானோர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

இனி நான் இப்போது செய்யும் வேலை. இரத்தத்திலிருந்து டி கலங்களைப் பிரித்து, நோய் தராதபடி மாற்றிய வைரஸ் மூலம் ஒரு புதிய மரபணுவை ஏற்றி, பெருக்கி, அதே நோயாளிக்குத் திரும்பக் கொடுப்பதைக் கார் டி சிகிச்சை என்கிறோம். திருத்திய கலம் சில வகை இரத்தப் புற்றுநோய்க் கலங்களைக் கண்ட இடத்தில் கொல்லும். தயாரான கலங்கள் திரவ நைதரசன் குளிரில், மைனஸ் 150 பாகைக்கும் கீழே உறங்கும். எடுத்ததும் 37 பாகை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி ஆட்டுவோம். பூண்டுப் பல் அளவு ஐஸ் மிச்சம் இருக்கும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் உறையும்போது கலத்தைக் காத்த திரவம் உருகியதும் அதற்கே நஞ்சாகிறது. அதன்பின் ஒரு சொட்டில் டிரைபான் நீலம் கலந்து நுணுக்குக்காட்டியின் கீழ் எண்ணுவோம். செத்த கலம் நீலமாகிவிடும். உயிருள்ளது சாயம் ஏறாமல் பளிச்சென்று நிற்கும். நீலம் கூடினால் அன்று யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள்.

2012இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் எமிலி வைட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு இந்தச் சிகிச்சை கொடுத்தபோது, கலங்கள் வேலையைத் தொடங்கிய வேகத்தில் காய்ச்சல் எகிறி, அவளைச் செயற்கைச் சுவாசத்தில் போட வேண்டியதாயிற்று. எதிர்ப்பு மிஞ்சிப்போனதால் வந்த வினை அது. முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் ஒரு மருந்தால் அதை அடக்கினார்கள். பிழைத்தாள், புற்றுநோயும் போனது. 2017 ஆகஸ்டில் அமெரிக்கா அந்தச் சிகிச்சைக்கு அனுமதி கொடுத்தது. அப்போதைய விலை 475,000 டொலர். 2023 அக்டோபரில் இந்தியா அனுமதித்த, மும்பை ஐஐடியும் டாட்டா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய சிகிச்சை ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்குதான். அதுவும் கொழுந்து பறிக்கும் குடும்பத்துக்கு எட்டாது என்று தெரியாமல் நான் எழுதவில்லை.

எட்டாத இடத்தில்தான் ஏமாற்றுக்காரர்கள் கடை விரிக்கிறார்கள். "ஸ்டெம் செல் ஏற்றினால் சீனி வியாதி போகும், முழங்கால் வலி போகும், பேசாத பிள்ளை பேசும்" என்று முகநூலில் வருகிறதே, அதை நம்பி ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) பணத்தை எடுத்தவர்களை எனக்குத் தெரியும். ஒரே கலம் பத்து நோய்க்கும் மருந்து என்றால் அங்கேயே எழுந்துவிடுங்கள். அடையாளம் காண்பதுதான் கலத்தின் வேலை. ஒவ்வொரு நோய்க்கும் அடையாளம் வேறு. பரிசோதனைக் கட்டத்தில் உள்ள சிகிச்சை என்றால், இலங்கை மருத்துவச் சங்கத்தின் மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் அதன் இலக்கம் என்ன என்று கேளுங்கள். பரிசோதனைக்கு உங்களிடமே இலட்சக்கணக்கில் பணம் கேட்டால் அது பரிசோதனை இல்லை, வியாபாரம்.

ரால்ஃப் ஸ்டைன்மன் என்ற விஞ்ஞானி, டி கலத்துக்கு எதிரியைக் காட்டிக்கொடுக்கும் கிளைக்கலத்தை 1973இல் கண்டுபிடித்து விவரித்தவர். 2007இல் அவருக்குக் கணையப் புற்றுநோய் என்று தெரிந்தது. தன் கண்டுபிடிப்பை வைத்தே தயாரித்த தடுப்பூசிகளைத் தானே போட்டுக்கொண்டார், நாலு வருடத்துக்கு மேல் இருந்தார். 2011இல் நொபெல் பரிசு அறிவிப்பதற்கு மூன்று நாள் முன்னால் காலமானார். ஊசிதான் அவரை அவ்வளவு காலம் வைத்திருந்ததா என்றால், ஒரே ஒருவரை வைத்துச் சொல்ல முடியாது. முகநூல் விளம்பரக்காரர் ஒரே ஒருவரை வைத்துத்தான் எல்லாம் சொல்கிறார்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. மருத்துவ பீடம் கிடைக்கவில்லை என்றால் எல்லாம் போயிற்று என்று வீட்டில் ஒப்பாரி வைப்பார்கள். பேராதனையில் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம் இருக்கிறது, விஞ்ஞான பீடத்தில் மூலக்கூற்று உயிரியல் இருக்கிறது. நுவரெலியா, பதுளை மாவட்டங்களுக்குப் பின்தங்கிய மாவட்ட ஒதுக்கீடும் உண்டு. இந்த வேலையில் கலங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, பெருநாள் கிடையாது, வளர்ப்புத் திரவம் மாற்றியே ஆக வேண்டும். செய்யும் பரிசோதனையில் பாதிக்கு மேல் தோற்கும். அது பிடித்துப்போனால், பட்டத்துக்குப் பிறகு வெளிநாட்டில் சம்பளத்தோடு கலாநிதிப் பட்டம் (பிஎச்டி) செய்ய இடம் தேடலாம். பேராசிரியருக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதலாம், தடையில்லை. இரண்டு பந்தி போதும்: அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தீர்கள், அதில் உங்களுக்கு எழுந்த கேள்வி என்ன. பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து இன்னொருமுறை அனுப்புங்கள்.