திரையைப் பார்க்காமல் டெபியன் நிறுவுவது

பார்வையற்றோருக்குத் திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான், இயங்குதளத்தின் மேல் ஓடும் மென்பொருள். இயங்குதளமே ஏறாத கணினியில் திரையை யார் வாசிப்பது? டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளம் அந்த வேலையைத் தன்னைக் கணினியில் ஏற்றும் மென்பொருளான நிறுவியிடமே கொடுத்திருக்கிறது. நிறுவி இருக்கும் பென்டிரைவிலிருந்து லினக்ஸ் கருவும் (கெர்னல்) ஒலியட்டை டிரைவரும் 'ஈஸ்பீக்' குரலும் நினைவகத்தில் ஏறுகின்றன. திரையில் விழும் எழுத்துகளை எடுத்து அந்தக் குரலுக்குக் கொடுப்பது 'ஸ்பீக்கப்'.

அதற்கு முந்தைய கட்டம் ஊமை. கணினியைத் தொடங்கிவைக்கும் உள்மென்பொருள் பயாஸ். பென்டிரைவைத் தேர்ந்தெடுக்கும் அதன் மெனு பேசாது. எந்த விசை, எத்தனையாவது வரி என்று முன்பே கேட்டுவைத்துக்கொள்ள வேண்டும். நிறுவியின் மெனு தயாரானதும் 'பீப்' ஒலிக்கும்: பழைய பயாஸில் ஒன்று, அதன் புதிய மாற்றான யூஇஎஃப்ஐயில் இரண்டு. உடனே 'எஸ்', பிறகு என்டர். புதிய பதிப்புகளில் எதையும் தொடாவிட்டாலும் சற்று நேரத்தில் பேச்சு தானே தொடங்கும்.

பேச்சு வரவில்லையா? பெரும்பாலும் குற்றவாளி ஒலியட்டைதான். புதிய மடிக்கணினிகள் பலவற்றில் அதற்குத் தனி ஃபர்ம்வேர் (கருவிக்குள் ஏற்றும் மென்பொருள்) வேண்டும். 2023இல் வந்த டெபியன் 12 முதல் அது நிறுவியோடே வருகிறது. அப்படியும் மௌனமென்றால் மலிவான யூஎஸ்பி ஒலியட்டையில் ஹெட்போனைச் செருகுங்கள். புளூடூத்தை நம்ப வேண்டாம். ஒலியட்டைகள் பல இருந்தால் ஒவ்வொன்றிலும் குரல் வரும். வேண்டியதில் கேட்டதும் என்டர்.

பட்டியல்கள் எண்களோடு வாசிக்கப்படும். எண்ணை அடித்து என்டர். வெறும் என்டர் என்றால் நிறுவி முன்வைக்கும் இயல்பு விடை, ஆச்சரியக்குறி என்றால் வெற்று விடை. முந்தைய கேள்விக்குப் போக, கணக்கில் 'விடச் சிறியது' என்று போடும் குறி (<). குரல் ஆமை வேகத்தில் வரும். கேப்ஸ் லாக்கோடு 6 அழுத்தினால் விரையும், 5 அழுத்தினால் தணியும்.

கவனம் வேண்டிய இடம், சேமிப்பு வட்டைப் பகுதிகளாகப் பிரிப்பது. பட்டியலில் பென்டிரைவும் இருக்கலாம். பெயரை விடக் கொள்ளளவைக் காதில் வாங்கித் தேர்ந்தெடுப்பதே பத்திரம். மாற்றங்களை எழுதவா என்ற கடைசிக் கேள்விக்கு இயல்பு விடை 'இல்லை'. பழக்கத்தில் என்டரைத் தட்டினால் எதுவும் அழியாது, வேலையும் நகராது. 'ஆம்' என்பதன் எண்ணை அடிக்க வேண்டும்.

தமிழ் மட்டும் இந்த வழியில் கிடைக்காது. ஈஸ்பீக்குக்குத் தமிழ் தெரியும். ஆனால் பேசும் நிறுவி, படங்கள் இல்லாமல் வெறும் எழுத்துகள் மட்டும் வரும் திரையில் ஓடுகிறது. கொம்பையும் காலையும் இடம்மாற்றி எழுத அந்தத் திரைக்கு வராது என்பதால் படங்களோடு வரும் வரைகலை நிறுவியில் மட்டுமே தமிழ் இருக்கிறது. யாரும் பார்க்கப்போகாத திரைக்காக இந்தத் தடை! ஆங்கிலத்தில் நிறுவி முடித்து, பிறகு 'ஆர்க்கா' திரைவாசிப்பானில் தமிழ்க் குரலை வைத்துக்கொள்ளலாம்.